ஆங்கில வினா: ஏட்டு நடையும் பேச்சு நடையும்



தமிழில் வினவுவோர் 'நீ வருகிறாயா', 'நீங்கள் வருகிறீர்களா' என்னும் இரண்டினுள் ஒன்றைத் தேர்ந்த அளவிலேயே கேட்கப்படுவோர்க்கு உரிய மதிப்பைப் பெரிதும் அளந்துவிடுகின்றனர். ஆங்கிலத்திலும் முன்னர் 'தௌ', 'யூ' என்னும் இரு சொற்கள் இவ்வேறுபாட்டைச் சுமந்தன. பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் முன்னது பொது வழக்கினின்று மறைந்தது. வழிபாட்டு மொழியும் குவேக்கர் சமயத்தாரும் சில வட்டார வழக்குகளுமே அதனைக் காத்தன. முதலாளிக்கும் பணியாளுக்கும் 'யூ' ஒன்றே என்றாகிவிட்ட பின்னர், மதிப்பும் நெருக்கமும் எங்கே போயின? அவை வினாவின் பிற உறுப்புகளுக்குள் குடிபுகுந்தன. இதனை உணராதார் ஆங்கில வினாவை இலக்கணத்தால் மட்டுமே எடைபோடுவர்.

உப்பைக் கேட்பதனையே காண்போம். உடனுண்ணும் உடன்பிறந்தார் 'கேன் ஐ ஹாவ் த சால்ட்' என்பர். பழக்கம் குறைந்த இடத்தில் 'குட் ஐ' என்று தொடங்குவர். முறைமை மிக்க விருந்திலோ 'மே ஐ' வரும். 'குட்' வடிவால் இறந்தகாலம். ஆயினும் இங்கு அது காலங்காட்டவில்லை. கேட்பவர் ஓரடி விலகி நிற்பதையே காட்டுகிறது. ஈ, தா, கொடு என்பவற்றைத் தொல்காப்பியம் முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றுகளாக வகுத்தது. தமிழ் வினைச்சொல்லையே மாற்றிக் காட்டிய வேறுபாட்டை ஆங்கிலம் துணைவினையில் வைத்திருக்கிறது.

நன்னூலார் வினாவை ஆறாகப் பகுத்தபோது ஏவலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். தந்தை 'படித்தாயா' என்பது 'படி' என்பதே. 'குட் யூ ஓபன் த விண்டோ' என்பதும் ஏவல் வினாவே. ஆற்றலைக் கேட்பது போன்ற தோற்றம் வெறும் போர்வை. 'உட் யூ மைண்ட்' என்று தொடங்கும் வினா இன்னும் நுட்பமானது. தடையுண்டோ என்பது அதன் நேர்ப்பொருளாதலின், இசைபவர் 'நோ' என்று சொல்லிவிட்டுச் சன்னலைத் திறக்க எழுவார். பணிவோடு 'யெஸ்' என்று விடையிறுக்கும் தமிழ் மாணவர் மறுத்தவராகிவிடுகிறார்!

மிகுதியும் பூசலுக்கு உள்ளானது 'ஹூ', 'ஹூம்' பற்றிய வழக்கே. செயப்படுபொருளாயின் 'ஹூம்' வரவேண்டும் என்பது ஏட்டு விதி. 'ஹூம் டிட் யூ சீ' என்பது அவ்விதி வழிப்பட்டது. வீட்டிலும் தெருவிலும் வழங்குவது 'ஹூ டிட் யூ சீ'. கற்றறிந்த சட்ட வல்லுநரும் 'ஹூம் டிட் யூ சீ' என்று சொல்லாத காலம் ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் வரும் என மொழியியலறிஞர் எட்வர்ட் சபீர் 1921இல் கணித்தார். 1957 முதல் 1963 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த வினாடி வினா ஒன்றின் பெயரே 'ஹூ டு யூ டிரஸ்ட்' என்பது. 1992 தேர்தலில் குடியரசுத் தலைவர் புஷ் அதே வினாவை மக்கள் முன் வைத்தார். வாக்குக் கேட்பவர் 'ஹூம்' என்றிருந்தால் ஆசிரியர் வகுப்பெடுப்பது போல் ஒலித்திருக்கும்.

ஆயினும் 'ஹூம்' முற்றும் சாகவில்லை. 'டூ' முன்வரின் அதுவும் உடன்வரும். 'டூ ஹூம் டிட் யூ கிவ் இட்' என்பது ஏட்டு நடை. 'ஹூ டிட் யூ கிவ் இட் டூ' என்பது பேச்சு நடை. இரண்டையும் கலந்து 'டூ ஹூ' என்று தொடங்குவார் அரியர். பேச்சு நடைக்கும் தனக்கென ஒழுங்கு உண்டு என்பதற்கு இது சான்று.

முன்னிடைச்சொல் ஈற்றில் நிற்பதைக் குற்றமென்றவருள் கவிஞர் டிரைடன் முதன்மையானவர். 1672இல் பென் ஜான்சனிடம் அக்குற்றம் கண்டவர், தம் எழுத்திலும் அது இருப்பதை ஒப்பி, 1668இல் வெளியிட்ட நாடகக் கவிதை பற்றிய கட்டுரையை 1684ஆம் ஆண்டுப் பதிப்பில் திருத்தினார். இலத்தீன் மீது கொண்ட பற்றே அவரை இயக்கியது போலும். இராபர்ட் லௌத் 1762இல் எழுதிய இலக்கணம் அவரினும் நடுநிலையானது. அவ்வமைப்பு உரையாடலில் பெருவழக்கு என்றும், நெருங்கிய நடைக்குப் பொருந்தும் என்றும் ஒப்பிய பின்னரே, உயர்ந்த நடைக்கு மற்றையதைப் பரிந்துரைத்தார். பின்வந்த பள்ளி நூல்கள் அவர் வகுத்த நடை வேறுபாட்டை மறந்து, பிழை என்ற முத்திரையை மட்டும் கைக்கொண்டன. நம் நாட்டு வகுப்பறைகளுக்கும் வந்து சேர்ந்தது அம்முத்திரையே.

மொழிபெயர்க்கும் கவிஞர்க்கு இதனால் நேரும் இழப்பு பெரிது. எலியட் 1922இல் வெளியிட்ட 'த வேஸ்ட் லேண்ட்' கவிதையின் இரண்டாம் பகுதியில் செல்வ மனையில் ஒருத்தி, நரம்பு தளர்ந்தவளாய், குறுகிய வினாக்களை அடுக்குகிறாள். பின்னர்க் காட்சி இலண்டன் மதுக்கடை ஒன்றுக்கு மாறுகிறது. அங்கு உழைக்கும் மகளிர் ஒருத்தியின் பேச்சு கேட்கிறது. இருவர்க்கும் இடையேயுள்ள தொலைவைக் கவிஞர் எடுத்துரைக்கவில்லை. அவர்கள் பேசும் முறையே உணர்த்துகிறது. முன்னவள் வினாவை 'யாது கருதுகின்றீர்' எனத் தமிழாக்கினால் அவள் பதற்றம் போய்விடும். கணவனோடு தனியறையில் பேசுபவளுக்கு 'என்ன நினைக்கிறாய்' என்பதே போதும். மதுக்கடைப் பெண்ணுக்கோ அதுவும் ஏட்டுத்தமிழ். அவளுக்குத் தெருவின் தமிழ் வேண்டும். எந்த ஊர்த் தெரு என்பதைப் பெயர்ப்பவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.