வீட்டுக்கு வந்த அரசாங்கப் பணம்

நாட்டிலே வாணிகம் தளர்ந்து, தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கும் காலத்தில், சில அரசாங்கங்கள் மக்களின் கையிலே நேரே பணத்தைக் கொடுப்பதுண்டு. பணம் பெற்றவன் கடைக்குச் செல்வான். கடைக்காரன் மேலும் சரக்கு வேண்டுவான். தொழிற்சாலை மீண்டும் ஆளைச் சேர்க்கும் என்பது எதிர்பார்ப்பு. ஒருவனுடைய செலவே இன்னொருவனுடைய வருமானம் என்னும் இக்கருத்துக்கு, ஆங்கிலப் பொருளியலறிஞர் கெயின்ஸ் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பெருவலிமை அளித்தது.

ஆனால், பணம் பெற்றவன் கடைக்குத்தான் செல்கிறானா?

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்ப்போம். 2008ஆம் ஆண்டிலே, பொருளாதாரம் சரிந்தபோது, தனியொருவருக்கு 600 டொலர் வரையும், தம்பதியருக்கு 1,200 டொலர் வரையும், பிள்ளையொன்றுக்கு 300 டொலரும் அந்நாட்டு அரசாங்கம் வழங்கியது. அப்பணத்தைப் பெரும்பாலும் செலவிடுவதாகக் கூறியோர் ஏறக்குறைய ஐவரில் ஒருவரே என மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞரின் ஆய்வொன்று கண்டது. ஏறத்தாழப் பாதிப்பேர் கடனை அடைப்பதாகக் கூறினர்.

2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் பரவியபோது, வளர்ந்தவர் ஒருவருக்கு 1,200 டொலர் வரை கொடுக்கப்பட்டது. அம்முதற் கொடையில், நூறு டொலருக்கு 29 டொலர் செலவாகும், 36 சேமிப்பாகும், 35 கடனுக்குப் போகும் என்று நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியின் ஆய்வு மதிப்பிட்டது.

அவ்வாறாயின், செலவிடாதோர் கொடையின் பயனைக் கெடுத்தவரா? அப்படிக் கூறுவது முறையன்று. நாளை வேலை நிலைக்குமோ என்று அஞ்சுபவன், இன்று வந்த காசைப் பொத்திவைப்பது இயல்பே. அன்றைய வருமானத்தை மட்டுமன்றி, நீண்ட காலத்துக்கு எதிர்பார்க்கும் வருமானத்தையும் எண்ணியே மக்கள் செலவிடுகின்றனர் என்று மில்ரன் பிரீட்மன் 1957இல் விளக்கினார். அடைத்த கடனும் வீணாவதில்லை. அடுத்த மாதத்து வட்டிச் சுமை குறைகிறது.

ஏழைகள் இப்பணத்தை வீணாக்குவார்கள் என்று சொல்வோர் எங்கும் உளர். அவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வங்கியிலே சேமிப்பு மிகக் குறைவாக இருந்தவர்களே 2020ஆம் ஆண்டுப் பணத்தை விரைவாகவும் மிகுதியாகவும் செலவிட்டனர். உணவு, வீட்டு வாடகை, நிலுவையிலிருந்த கட்டணங்கள் ஆகியன அச்செலவிலே முக்கிய இடம் பெற்றன. முடங்கிய கடைத்தெருவுக்கு முதலிற் சென்ற காசு அவர்களுடைய காசே.

யப்பான் 1999ஆம் ஆண்டிலே வேறொரு வழியை நாடியது. சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் முதியோர் சிலருக்கும், தலைக்கு 20,000 யென் பெறுமதியான கொள்வனவுச் சீட்டுகளை வழங்கி, அவற்றை ஆறு மாதத்துக்குள் செலவிட வேண்டுமென விதித்தது. சீட்டுகள் செலவாயின. ஆயினும், எப்படியும் வாங்கவிருந்த பொருள்களையே பலர் சீட்டுக்கு வாங்கி, தம் கைக்காசை மிச்சப்படுத்தினர். சீட்டுக்குத் தவணை விதிக்கலாம். அச்சத்துக்குத் தவணை விதிக்க முடியுமா?

ஆகவே, இத்தகைய கொடையை வழங்கும் அரசாங்கம் தன் நோக்கத்தை முன்னரே தெளிதல் வேண்டும். கடைத்தெரு விரைவில் உயிர்பெற வேண்டுமாயின், இல்லாதவன் கைக்குப் பணம் முதலிற் சேரவேண்டும். எல்லோருக்கும் கொடுத்தால், ஒரு பகுதி பெட்டியிலும் கடன் கணக்கிலும் தங்குமென்பதை ஏற்கவேண்டும். கடைக்காரனின் கல்லாவை மட்டும் எண்ணிப் பயனை அளப்பது போதாது. அடுப்பு அணையாத வீட்டையும், கடன்காரனுக்கு அஞ்சாது கதவைத் திறக்கும் வீட்டையும் அக்கணக்கிலே சேர்த்தல் வேண்டும்.