சிப்பிக்குள் கிழங்கு

போன மாதம் என் அக்காவின் மகன் கடைக்கு வந்தான். கணக்கியல் படித்தவன், வேலையும் நல்ல வேலை. ஒரு பிஷ் அண்ட் சிப்ஸ் கடை விலைக்கு வந்திருக்கிறதாம், எடுத்து நடத்தலாமா என்று யோசனை. கொப்பியும் பேனையுமாக வந்து உட்கார்ந்து அவன் கேட்ட முதல் கேள்வி இது: "மாமா, நீங்கள் மீன் எங்கை வாங்கிறனீங்கள்?"

"அது கிடக்கட்டும். கிழங்கு ஆரிட்டை வாங்கப் போறாய்?" என்றேன்.

கொப்பியில் வைத்த பேனையை எடுக்காமல் என்னையே பார்த்தான். இந்த மனிசன் பகிடி விடுகிறதா, உண்மையாகத்தான் கேட்கிறதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

உண்மையாகத்தான் கேட்டேன். இந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஒரு தாளில் இடம், முதல், அனுமதி, கொள்முதல், வேலையாட்கள், விளம்பரம் என்று ஆறு தலைப்பு எழுதித் தந்திருக்கிறார். நான் கிழங்கோடு நின்றுவிட்டால் அவர் கோபிக்கக் கூடாது. பிரித்தானியர் பிஷ் அண்ட் சிப்ஸ் கடையைச் செல்லமாக 'சிப்பி' என்பார்கள். நமக்குச் சிப்பி என்றால் முத்து, இவர்களுக்குச் சிப்ஸ். கடைக்குப் பெயர் கொடுத்தது மீன் அல்ல, கவனியுங்கள்.

பொரித்த மீன் போர்த்துக்கல், ஸ்பெயின் பக்கமிருந்து வந்த யூதர்களோடு லண்டனுக்கு வந்தது. கிழங்குப் பொரியலையும் மீனையும் ஒரே கடையில் முதலில் சேர்த்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1860 அளவில் கிழக்கு லண்டனில் ஜோசப் மாலின் என்கிறது ஒரு கட்சி. 1863-இல் மொஸ்லி என்ற ஊர்ச் சந்தையில் ஜோன் லீஸ் என்கிறது வட பகுதிக் கட்சி. இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சீனிக்கும் பங்கீட்டு அட்டை வந்தது. மீனும் சிப்ஸும் பங்கீட்டுக்குள் போகவில்லை. சனம் வரிசையில் நின்று வாங்கியது. சரித்திரம் இவ்வளவு போதும்.

எங்கள் அப்பா உரும்பிராயில் தோட்டம் செய்தவர். 1970-களில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் உருளைக்கிழங்கும் மிளகாயும் வெங்காயமும் காசாக விளைந்தது பலருக்கு நினைவிருக்கும். கிழங்கு கிண்டும் நாளில் மண்வெட்டி பட்டுக் காயப்பட்டதைத் தனியாகப் பொறுக்குவது சின்னப் பெடியன்களான எங்கள் வேலை. "காயம் பட்டதை நல்லதோடை போடாதை, எல்லாத்தையும் அழுக வைக்கும்" என்று அப்பா கத்துவார். இருபது வருடம் கழித்து, வட லண்டனில் ஒரு கடையின் பின்புறக் கொட்டிலில் அதே சொல்லை வேறொருவர் வாயால் கேட்டேன். அவர் சைப்ரஸ் நாட்டுக் கிரேக்கர், என் முதலாளி. ஆறு மாதம் அவர் என்னைப் பொரிக்கும் சட்டிக்குப் பக்கத்தில் விடவில்லை. கொட்டிலும் நானும் கிழங்கு மூடையும்தான்.

அந்தக் கொட்டிலில் ஒரு தோல் உரிக்கும் இயந்திரம் நிற்கும். உருளை வடிவம், உள்சுவர் அரத்தாள் மாதிரிச் சொரசொரப்பு. 25 கிலோ மூடையை அவிழ்த்துக் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால் கிழங்கு உருண்டு உருண்டு தோலை இழக்கும். ஒரு நிமிடம் கூடிப்போனால் தோலோடு காசும் தேய்ந்து சாக்கடையில் போகும். அதன் பிறகு சின்னக் கத்தியால் ஒவ்வொரு கண்ணாகத் தோண்ட வேண்டும். பிறகு வெட்டும் இயந்திரம். 14 முதல் 17 மில்லிமீற்றர் வரை தடிப்பு. துரித உணவுக் கடைகளில் தருகிற ஒல்லிக் குச்சி வேறு, இது வேறு. தடித்த துண்டுக்கு வெளிப்பரப்புக் குறைவு, அதனால் எண்ணெய் குறைவாகக் குடிக்கும். கடைசியாகத் தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும். மாச்சத்துப் போகாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் கை வேலை, பழகினால் வந்துவிடும். கிழங்குக்குள் நடப்பதுதான் வித்தை. அதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

கென்ற் பகுதியில் ஒரு கடற்கரை ஊரில் சொந்தக் கடை எடுத்த முதல் வருடம். பெப்ரவரி மாதம். ஒரு வெள்ளி இரவு சிப்ஸ் எல்லாம் மண்ணிறமாக வருகிறது. வெளியே கறுத்து, உள்ளே வேகாமல், நாக்கில் கசப்பு. வந்த சனம் திருப்பித் தருகிறது. எண்ணெய் பழுது என்று நினைத்து முழு எண்ணெயையும் மாற்றினேன். சனிக்கிழமையும் அதே கதை. திரும்பவும் மாற்றினேன். கிழங்கு தந்த வியாபாரியைப் பிடித்துக் கேட்டால், "நான் தந்தது தங்கம், உனக்குப் பொரிக்கத் தெரியவில்லை" என்றார். பெயர் வேண்டாம், அவர் இப்போதும் தொழிலில் இருக்கிறார். கடைசியில் பழைய முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மூடையை எங்கே வைத்திருக்கிறாய்?"

பின் முற்றத்துத் தகரக் கொட்டிலில். கடல் காற்று, வெளியே பனி.

நேயர்களே, உருளைக்கிழங்கு குளிரில் கிடந்தால் தன் மாச்சத்தைச் சீனியாக மாற்றிக்கொள்ளும். ஆறேழு பாகைக்குக் கீழே போனால் போதும், வேலையைத் தொடங்கிவிடும். அந்தச் சீனி கொதி எண்ணெயில் கருகும். கருகலும் கசப்பும் அதுதான். எண்ணெயில் பிழையில்லை, என் கையிலும் பிழையில்லை. வியாபாரியிலும் பிழையோ தெரியாது. அவர் குளிரில் வைத்தாரா, நான்தான் வைத்தேனா, இன்றைக்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

"சீனி இருக்கிறதா என்று சோதித்துப் பார்" என்றார் பழைய முதலாளி. எப்படி? இங்கேதான் என் மாமியார் கதைக்குள் வருகிறார். நம் வீடுகளில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? அந்தக் காலத்தில் சலத்தில் சீனி பார்க்க ஒரு கடதாசிப் பட்டி இருக்கும், நினைவிருக்கிறதா? அதே பட்டிதான். கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் பட்டியை ஒட்டி வைத்துச் சற்றுப் பொறுத்தால் நிறம் சொல்லும். அன்றைக்கு என் கிழங்கின் நிறத்தைப் பார்த்துவிட்டு மாமி சொன்னார்: "ஐயோ, இதுக்கு என்னைவிடக் கூட."

மூடைகளை உள்ளே கொண்டுவந்து வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு கிழமை வைத்தேன். சீனி பெரும்பாலும் திரும்ப மாச்சத்தாகிவிட்டது. அது திரும்பும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த வியாபாரி மூடை இறக்கினாலும், இறக்கிய இடத்திலேயே ஒரு கிழங்கை வெட்டி இரண்டு துண்டு பொரித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

யூலை மாதம் வந்தால் நேர் எதிரான தொல்லை. பழைய கிழங்கு முடிந்து புதுக்கிழங்கு வரும். பார்க்க வடிவு, தோல் பளபளக்கும். உள்ளே தண்ணீர். எவ்வளவு பொரித்தாலும் துவண்டு விழும். நெல் விதை தெரிவதற்கு ஊரில் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்க விட்டுப் பார்ப்பார்களே, அதே கணக்கு இதற்கும் உண்டு: உப்பின் அளவு சரியாக இருந்தால் மாச்சத்து நிறைந்தது தாழும், நீர் நிறைந்தது மிதக்கும்.

இனம் என்று கேட்டால், இங்கே அரசன் மாரிஸ் பைப்பர். கேம்பிரிட்ஜ் பயிர் ஆய்வு நிலையத்தில் உருவாகி 1966-இல் வெளிவந்தது. அக்ரியா, மார்க்கீஸ் என்பவையும் நல்லவை. ஆனால் இனத்தின் பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே மாரிஸ் பைப்பர், ஒரு தோட்டத்தில் விளைந்தது தேன், அடுத்த தோட்டத்தில் விளைந்தது தவிடு.

இது வானொலி. வாசமும் ருசியும் உங்களுக்கு வராது. சத்தத்தை என்னால் சொல்ல முடியும். ஈரக் கிழங்கைச் சட்டியில் இறக்கியவுடன் பெருமழை தகரக் கூரையில் விழுகிற இரைச்சல். அது தண்ணீர் ஆவியாகிற சத்தம். எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும். அந்த நேரத்தில் அளவுக்கு மேல் கொட்டினால் இரைச்சல் எழாது, ஒரு முனகல்தான் வரும். முனகல் கேட்டால் அந்தச் சட்டிச் சிப்ஸ் எண்ணெய் குடிக்கப் போகிறது என்று அர்த்தம். நாலைந்து நிமிடத்தில் மழை தூறலாகும். பிறகு தூறலும் விடும். அப்போது கரண்டியால் ஒருமுறை கிளறினால், சருகில் நடப்பது மாதிரி ஒரு சரசரப்பு. அதைக் கேட்டால் எடு. என் கடையில் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு மணிக்கூட்டைப் பார்க்க விடுவதில்லை. சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "இப்போ" என்று சரியாகச் சொல்லத் தெரிந்த பிறகுதான் கரண்டியைக் கொடுப்பேன். பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்யக் கேட்ட ஒரு தம்பி, இரண்டாம் நாளே போய்விட்டான்.

மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று யாராவது முறைப்பாடு எழுதக் கூடும். தெற்கில் கொட், யோர்க்‌ஷயரிலும் ஸ்கொட்லாந்திலும் ஹடொக். லண்டன் கடைகளில் 'ரொக்' என்று விற்பது என்ன தெரியுமா? குட்டிச் சுறா. சுறாப்புட்டுக்கு ஏங்குகிறவர்கள் கேட்டு வாங்கலாம். மீனின் ஈரத்தை ஒற்றி எடுத்து, வெறும் மாவில் பிரட்டி, குளிர்ந்த மாக்கரைசலில் தோய்த்து, வாலைப் பிடித்து எண்ணெயில் மெதுவாக ஆட்டிவிட்டு, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக விட வேண்டும். வெளியே கரைசல் மொறுமொறுப்பாகும்போது உள்ளே மீன் தன் ஆவியிலேயே வேகும். கரைசல் சூடாகிவிட்டால் எல்லாம் பிழை. மற்றப்படி மீன் நம் கையில் இல்லை, நேயர்களே. கடைக்கு வரும் கொட் மீனில் பெரும்பகுதி தூர வடக்கில், கப்பலிலேயே உறைய வைக்கப்பட்டு வருவது. பரென்ற்ஸ் கடலில் எவ்வளவு பிடிக்கலாம் என்று நோர்வேயும் ரஷ்யாவும் பேசித் தீர்மானிக்கும். 2025-க்கு அவை 3,40,000 தொன் என்று குறைத்தன, 1991-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. 2022-இல் ரஷ்ய வெள்ளை மீனுக்கு இங்கே 35 வீதம் மேலதிக வரியும் போட்டார்கள். அந்த விலையை நானோ நீங்களோ என்ன செய்ய முடியும்? கிழங்கு நம் கொட்டிலில் கிடக்கிறது. அதைத்தான் பார்க்க முடியும்.

எண்ணெய்க்கு ஒரு சொல். வட பகுதியில் பல கடைகள் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. ருசி அதில்தான் என்பார்கள். சைவக்காரர்கள் அந்தப் பக்கம் பயணம் போனால், சிப்ஸ்தானே என்று வாயில் வைக்குமுன் கேளுங்கள். என் அம்மா கேளாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு அறிந்து, மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நானா பொரித்துக் கொடுத்தேன்?

பொரியும்போது உதிர்கிற கரைசல் துகள்களை யோர்க்‌ஷயரில் பிள்ளைகள் சும்மா கேட்டு வாங்கிச் சாப்பிடும். நான் ஒரு நாள் அவற்றை வாளியில் குவித்து, மூடி, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார், முற்றத்தில் புகை. யாரும் நெருப்பு வைக்கவில்லை. சூட்டோடு குவிந்து கிடந்த எண்ணெய்த் துகள் தானாகவே பற்றிக்கொள்ளும். அன்று தொடக்கம் அதைத் தட்டில் பரப்பி ஆறவைத்துத் தண்ணீர் தெளித்த பிறகுதான் எறிவது.

கறி சோஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சிப்ஸின் மேல் ஊற்ற மஞ்சளாய், இனிப்பாய் ஒரு குழம்பு கேட்பார்கள். என் மனைவி, "இதெல்லாம் ஒரு கறியா?" என்று, ஊர்த் தூள் போட்டு, பழப்புளி விட்டு, முறையாக ஒரு குழம்பு வைத்தார். முதல் நாள் நாலு பேர் வாங்கினார்கள். இரண்டாம் நாள் அதே நாலு பேரும், மிகுந்த மரியாதையோடு, "பழையது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். மிச்சக் குழம்பை நாங்கள் ஒரு கிழமை சோற்றோடு சாப்பிட்டோம். அருமையான குழம்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். சரி, அவருடைய தாளுக்கு வருகிறேன். கடை திறக்க 28 நாளுக்கு முன்னரே உள்ளூர்ச் சபையில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும், அதற்குக் காசு இல்லை. புகைபோக்கி சரியில்லாத கட்டடத்தை எடுக்காதீர்கள். அதை மாற்றப் போகும் காசில் இன்னொரு கடை எடுக்கலாம். இரவு 11 மணிக்குப் பிறகு சூடான உணவு விற்க வேறு அனுமதி. சூடான உணவுக்கு 20 வீத வற் வரி, ஆண்டு விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால். கணக்குப் போடும்போது அதை மறந்துவிட்டு, சிப்ஸை அள்ளி அள்ளிப் போட்டு, சனம் நிறைய வருகிறது என்று சந்தோஷப்பட்டு, வருட முடிவில் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். நம் ஆட்களுக்கு அள்ளிப்போடுகிற கை. அளவுக் கரண்டி வாங்குங்கள். வேலையாட்கள், விளம்பரம் இரண்டும் தாளிலேயே நிற்கட்டும்.

என் மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். கடையை வெள்ளிக்கிழமை இரவு போய்ப் பார்க்காதே. வெள்ளிக்கிழமை எந்தக் கடையிலும் சனம். பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மழைக்குள், எதிர்ப்பக்க நடைபாதையில் குடையோடு நின்று எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணு. பிறகு நீயும் போய் ஒரு பொதி சிப்ஸ் வாங்கு. மண்ணிறமாக இருந்தால் பயப்படாதே, விலையைக் குறைத்துக் கேள்.

அவன் நேற்றுத் தொலைபேசி எடுத்தான். எண்ணி முடித்துவிட்டானாம், முப்பத்தொரு பேர். சிப்ஸும் மண்ணிறம்தானாம். இப்போது மாமியின் அந்தப் பட்டி எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் என்று கேட்கிறான். யாருக்காவது தெரிந்தால் நிலையத்துக்கு ஒருக்கால் அறிவியுங்கள். இன்று வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்கு நான் சட்டி வைக்க வேண்டும்.