நகல் வேண்டாம், என் கரடிதான் வேண்டும்!

பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக உளவியலாளர் புரூஸ் ஹூட், அமெரிக்காவின் பால் ப்ளூமுடன் சேர்ந்து குழந்தைகளுக்கு ஓர் அதிசயப் பெட்டியைக் காட்டினார். எதை உள்ளே வைத்தாலும் அச்சு அசலாக இன்னொன்று வந்துவிடுமாம். எல்லாம் கண்கட்டு வித்தைதான்!

சாதாரண பொம்மை என்றால் பல பிள்ளைகள் நகலையே ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடியோ, கந்தலாகிப்போன போர்வையோ என்றால் கதையே வேறு. பெரும்பாலோர் பழையதைத்தான் கேட்டார்கள். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை! இந்த ஆய்வு 2008இல் வெளியானது.

பெரியவர்கள் மட்டும் என்னவாம்? 2010இல் வந்த ஹூட் குழுவின் இன்னோர் ஆய்வில், நேசிக்கும் பொருளின் புகைப்படத்தை அவரவரே வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுப்பட்டது வெறும் காகிதம். ஆனாலும் அவர்களின் பதற்றத்தைத் தோலில் கூடிய வியர்வை காட்டிக்கொடுத்துவிட்டது.