உடலில் தோன்றும் சிவந்த புள்ளிகள்: அறிந்து கொள்வதும் காலத்தே சிகிச்சை பெறுவதும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சுகாதார விளக்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அம்மன் சந்நிதியில் நின்று அம்மையைப் பற்றிப் பேசுவது பொருத்தமான செயலே ஆகும். மாரியம்மன் வழிபாட்டிற்கும் உடலில் தோன்றும் கொப்புளங்களுக்கும் உள்ள தொடர்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நோயின் கொப்புளத்தையே "முத்து" என்று மரியாதையுடன் அழைத்த இனம் நம் இனம். இந்த மலாக்கா மண்ணில் அந்த நினைவு இன்றும் அழியாமல் இருக்கிறது. காஜா பெராங் வட்டாரத்தில் வாழும் மலாக்கா செட்டி சமூகத்தார், தமிழ் பேசும் வழக்கம் மறைந்து மலாய் மொழியே வீட்டு மொழியாகிவிட்ட பின்னரும், முத்துமாரியம்மன் திருவிழாவை விடாமல் நடத்தி வருகின்றனர். அத்திருவிழாவை அவர்கள் "டத்தோ சாச்சார்" என்று அழைக்கின்றனர். "சாச்சார்" என்னும் மலாய்ச் சொல்லுக்கு அம்மை என்பதே பொருள்.

ஆனால் அன்னையிடம் நம் முன்னோர் அஞ்சி வேண்டிக்கொண்ட அந்தப் பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1977-ஆம் ஆண்டில் சோமாலியா நாட்டில் கண்ட நோயாளியே இயற்கையாகப் பெரியம்மை கண்டவர்களுள் இறுதியானவர். 1980-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நோய் அடியோடு ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே, இன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலுடன் சிவந்த புள்ளிகள் தோன்றும்போது "அம்மை போட்டிருக்கிறது, மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று நாம் சொல்லும்போது, ஒழிந்துபோன ஒரு நோயின் பெயரால் வேறொரு நோயை மூடி மறைத்துவிடுகிறோம். அந்த மூன்று நாள் பொறுமை சில வேளைகளில் ஓர் உயிரின் விலையாகிவிடுகிறது. இன்று நான் உங்களிடம் வலியுறுத்த வந்த கருத்து இதுவே.

அன்பர்களே, சிவந்த புள்ளி என்பது ஒரு நோயன்று. அது உடல் காட்டும் ஓர் அடையாளம். தோலின் கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவதால் தோன்றும் சிவப்பு ஒரு வகை. அக்குழாய்களிலிருந்து இரத்தம் கசிந்து தோலுக்குள் தங்குவதால் தோன்றும் புள்ளி மற்றொரு வகை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண ஓர் எளிய வழி உண்டு. தெளிவான கண்ணாடிக் குவளை ஒன்றின் பக்கத்தைப் புள்ளிகளின் மேல் அழுத்தி, கண்ணாடியின் ஊடாகப் பாருங்கள். அழுத்தும்போது புள்ளி மறைந்தால் அது குழாய் விரிந்ததால் உண்டான சிவப்பு. அழுத்தியும் மறையாமல் குண்டூசி முனைபோல் நின்றால் அது இரத்தக் கசிவாகும். காய்ச்சலுடன் இத்தகைய மறையாத புள்ளிகள் கண்டால், அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதே வேளையில், புள்ளி மறைந்துவிட்டது என்பதற்காக ஆபத்தில்லை என்றும் முடிவு கட்டிவிடலாகாது.

நம்மவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவ நூல்களில் "சிவப்பு" என்று எழுதியிருப்பது நம் கருநிற மேனியில் சிவப்பாகவே தெரியும் என்பதில்லை. அது கருஞ்சிவப்பாகவோ, ஊதாவாகவோ, மேனி நிறத்தைவிடச் சற்றுக் கறுத்தோ காணப்படலாம். எனவே உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நலம்.

காய்ச்சல் இல்லாமல் தோன்றும் புள்ளிகள் பெரும்பாலும் அச்சத்திற்குரியவை அல்ல. வெயிலில் உழைப்பவர்க்கு வேர்க்குரு வரும். குளிர்ந்த நீரில் குளித்துப் பருத்தியாடை அணிந்தால் தணியும். உணவோ மருந்தோ ஒவ்வாமல் போனால் தடிப்புகள் எழுந்து சில மணி நேரத்தில் இடம் மாறி மறையும். ஆயினும் உதடு வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. வட்டமாகப் பரவி விளிம்பு சிவந்து அரிப்பது படர்தாமரை. கடையில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் அது தணிவதுபோல் தணிந்து பின்னர் முன்னிலும் பரவும். இரவில் அரிப்பு மிகுந்து, விரலிடுக்குகளில் சிறு கொப்புளம் கண்டு, வீட்டில் பலருக்கும் ஒருங்கே வந்தால் அது சிரங்கு. வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து தடவினால்தான் தீரும்.

சிவந்தோ வெளுத்தோ காணும் ஒரு தேமல், அரிக்காமலும் வலிக்காமலும், தொட்டாலும் உணர்வற்றும் இருக்குமானால், அது தொழுநோயாக இருக்கக்கூடும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய காலம் போய்விட்டது. 1930-ஆம் ஆண்டில் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்ட நாளில் அந்நோய்க்கு உறுதியான மருந்து இல்லை. இன்று மாத்திரைகளாலேயே அது முற்றிலும் குணமாகிறது.

இனிக் காய்ச்சலுடன் வரும் புள்ளிகளைக் காண்போம்.

சின்னம்மையில் புள்ளிகள் பெரும்பாலும் மார்பிலும் முதுகிலும் முகத்திலும் தொடங்கி, நீர் நிறைந்த கொப்புளமாகிப் பின் பொருக்காகும். புதிய புள்ளியும் கொப்புளமும் பொருக்கும் ஒரே வேளையில் உடலில் இருப்பது இதன் தனி அடையாளம். நலமுள்ள பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தானே தணியும். ஆனால் கர்ப்பிணிகளுக்கும், பிறந்த குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும், பெரியவர்களுக்கும் இது கடுமையாகலாம். இவர்கள் முதல் புள்ளி கண்ட நாளிலேயே மருத்துவரை நாடினால் நல்ல பயன் தரும் மருந்து இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது.

தட்டம்மையில் முதலில் மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவை இருக்கும். அதன் பின்னரே காதின் பின்புறமும் முகத்திலும் புள்ளிகள் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். நுரையீரல் அழற்சியும் மூளைக் காய்ச்சலும் இதனால் வரக்கூடும். நம் நாட்டில் ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அரசாங்கக் கிளினிக்குகளில் இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. பெரியம்மையை உலகை விட்டு விரட்டியதும் தடுப்பூசிதான் என்பதைத் தாய்மார்கள் மறந்துவிடலாகாது.

பெரியோர்களே, இப்போது நம் நாட்டின் மிகப் பெரிய கவலைக்கு வருகிறேன். அது டெங்கிக் காய்ச்சல். 1902-ஆம் ஆண்டில் பினாங்கில் இந்நோய் பதிவாகியது. இரத்தக் கசிவுடன் கூடிய கடுமையான டெங்கியும் 1962-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பினாங்கிலேயே கண்டறியப்பட்டது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 1,30,101 பேருக்கு டெங்கி கண்டது. 182 பேர் உயிரிழந்தனர். 2023-ஆம் ஆண்டில் மீண்டும் 1,23,133 பேர் பாதிக்கப்பட்டு, 100 பேர் மாண்டனர்.

திடீரென்று எழும் கடுங்காய்ச்சல், தலைவலி, கண்ணின் பின்புற வலி, மூட்டுவலி, உடல்வலி என்று இது தொடங்கும். முகமும் மேனியும் சிவக்கலாம்; பின்னர் கை கால்களில் குண்டூசி முனைப் புள்ளிகள் தோன்றலாம். இந்நோயில் நம்மை ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும். "அம்மன் இறங்கிவிட்டாள்" என்று வீட்டார் மகிழ்வர். உழைப்பவரும் வேலைக்குப் புறப்படுவார். ஆனால் கடுமையான டெங்கியில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிந்து இரத்தம் கெட்டியாவதும், இரத்த அழுத்தம் வீழ்வதும் அந்தக் காய்ச்சலற்ற ஓரிரு நாட்களில்தான். காய்ச்சல் விட்டும் நோயாளி தெளிவடையாமல் சோர்ந்து கிடந்தால், அதுவே ஆபத்தின் அழைப்பு என்று கொள்ளுங்கள்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், கருமலம், கை கால் குளிர்ந்து போதல், மயக்கம், அமைதியின்மை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் செல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பரசித்தமோல் மட்டுமே கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். கஞ்சி, இளநீர், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். பப்பாளி இலைச் சாறு கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

தோட்டங்களில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய நோய் ஒன்றும் உண்டு. செம்பனைக் காட்டிலும் லாலான் புல்லிலும் வாழும் மிகச் சிறிய உண்ணி கடித்தால், பத்து நாட்களை ஒட்டிக் காய்ச்சலும் தலைவலியும் தோன்றி, அதன்பின் மார்பிலும் வயிற்றிலும் மங்கலான சிவந்த புள்ளிகள் வரும். இதனை உண்ணிக் காய்ச்சல் என்பர். கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் வலியற்ற ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அது அக்குளிலோ தொடையிடுக்கிலோ இடுப்பு வாரின் கீழோ மறைந்திருப்பதால் நோயாளியே அறியமாட்டார். மலாயாத் தோட்டத் தொழிலாளரிடையே கண்ட இந்நோயை 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிளெட்சர், லெஸ்லர் என்னும் மருத்துவர்கள் ஆராய்ந்து தெளிவுபடுத்தினர். 1948-ஆம் ஆண்டில் அதே கோலாலம்பூரில்தான் இந்நோய்க்குக் குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து கொடுத்து வெற்றி காணப்பட்டது. இன்று அதற்கு டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மாத்திரை போதும். நம் பாட்டன்மார் பட்ட துன்பத்திலிருந்து பிறந்த அறிவு அது. அதன் பயனை நாம் இழக்கலாமா? மருத்துவரிடம் செல்லும்போது "நான் செம்பனையில் வேலை செய்கிறேன், பத்து நாட்களுக்கு முன் புல் வெட்டினேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் நோயை விரைந்து கண்டறிய உதவும்.

இவற்றையன்றி, புதிய மருந்து உண்ட பின்னர் உடல் முழுதும் சிவந்து வாயிலும் கண்ணிலும் புண் கண்டாலும், காய்ச்சலுடன் கழுத்து விறைத்து, வெளிச்சத்தைக் காணக் கண் கூசி, ஊதாப் புள்ளிகள் பரவினாலும் உடனே செல்ல வேண்டும். மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று ஊர்களிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. வாகன வசதி இல்லையெனில் 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பக்கத்து வீட்டாரை எழுப்பத் தயங்காதீர்கள்.

"அப்படியானால் வேப்பிலை வேண்டாமா? விரதம் வேண்டாமா?" என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். நிலைவாசலில் வேப்பிலை செருகுவது, இந்த வீட்டில் தொற்று நோய் உண்டு என்று ஊருக்கு அறிவிப்பது. நோயாளியைத் தனியே கிடத்துவதும், வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பதும், வந்து போவோரைக் குறைப்பதும் தொற்றைத் தடுக்கும் நல்லறிவு. இவற்றை விட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைக்கு உணவையும் நீரையும் குறைப்பது, குளிப்பாட்டாமல் விடுவது, புண்ணின் மேல் சாம்பலையோ பிறவற்றையோ அப்புவது, "மருந்து கொடுத்தால் ஆத்தா கோபிப்பாள்" என்று அஞ்சுவது ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். தன் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஓடுகின்ற தாயின் மேல் எந்த அன்னை கோபிப்பாள்? வேண்டுதலை நெஞ்சில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தண்ணீர் ஊற்றும் சடங்கைப் பிள்ளை நலமாகித் திரும்பிய பின்னர் நிறைவாகச் செய்யலாம்.

நிறைவாக, நம் ஆலயத்தின் கடமை ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாட்களில் கொசுவாகிப் பறக்கும். திருவிழா முடிந்த மறுநாள் நம் வளாகத்தைப் பாருங்கள். உடைத்த தேங்காய் ஓடுகள், அன்னதானக் குவளைகள், துளசித் தொட்டியின் அடித்தட்டு, மடிந்து கிடக்கும் பந்தல் துணி ஆகிய எல்லாவற்றிலும் மழைநீர் தேங்கும். தோட்டத்திலோ, பயன்பாடற்ற பால் மங்குகளும் பழைய டயர்களும் கிடக்கின்றன. அன்னையின் சந்நிதியிலேயே நோய் பிறக்க நாம் இடம் தரலாகாது. கொடியிறக்கிய மறுநாள் காலையில் இளைஞர் பகுதியினர் ஒன்று கூடி வளாகத்தைத் துப்புரவு செய்யவும், அதன்பின் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வாசலைப் பார்க்கவும் நிர்வாகக் குழுவினர் ஆவன செய்ய வேண்டுமென்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவும் ஒரு திருப்பணியே.

 அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்று வாழ அன்னையின் திருவருளை வேண்டி அமைகிறேன்.