இரண்டாம் முறை இறங்கியவர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். நீச்சலைப் பற்றிப் பேச நான் இசைவு கேட்டபோது, நம் செயலாளர் சற்றே புருவத்தை உயர்த்தினார், எனினும் மறுத்தாரில்லை. சென்ற கோடையில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னிடம், "மகள் நீச்சல் பழகியே தீருவேன் என்கிறாள், நம் குடும்பங்களுக்கு இது ஏற்குமா, ஐயா?" என்று வினவினார். அன்று எனக்கு விடை கூற நாவெழவில்லை. நாம் பிழைக்க வந்ததும், இன்றும் கல்கத்தா என்றே அழைத்துப் பழகியதுமான இந்நகரில் பிறந்த ஒரு பெண்ணின் வரலாற்றையே அவருக்கு விடையாகச் சொல்ல விழைகிறேன்.

ஆரதி சாஹா 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தார். இரண்டரை வயதில் தாயை இழந்தார். வடகல்கத்தாவில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். சம்பாதலா படித்துறைக்கு நீராடச் சென்ற இடத்தில் நீந்தக் கற்றார். குழந்தைக்குத் தண்ணீர்மேல் இருந்த ஆசையைக் கண்ட தந்தையார் அவரை ஹாட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்தார். 1946-ஆம் ஆண்டில், ஐந்தே வயதில், 110 கெஜப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். நம் வீடுகளில் அவ்வயதுக் குழந்தையை வாளித் தண்ணீரருகே விடவும் அஞ்சுகிறோம்! அவருக்குப் பயிற்சியளித்தவருள் ஒருவர் சச்சின் நாக். 1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர் அவரே.

மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு இந்தியா நான்கு பெண்களை அனுப்பியது; ஆரதி அவர்களுள் ஒருவர். அப்போது பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. 200 மீட்டர் மார்பு நீச்சலை 3 நிமிடம் 40.8 வினாடியில் முடித்து, முதற்சுற்றோடு நின்றார். அப்பந்தயத்தில் தங்கம் வென்ற ஹங்கேரி நாட்டு ஏவா செகெய் எடுத்துக்கொண்டதோ 2 நிமிடம் 51.7 வினாடி. இவ்வளவு பெரிய இடைவெளியை நான் மறைக்க விரும்பவில்லை. குளத்து வேகத்தில் நாம் உலகுக்கு வெகுதூரம் பின்தங்கியே இருந்தோம்.

ஆரதியின் பேராற்றல் வேகத்தில் இல்லை. நெடுநேரம் தளராமல் நீந்துவதிலேயே இருந்தது. 1958-இல் டாக்காவைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதே ஆண்டு மிகிர் சென் அதைக் கடந்த முதல் இந்தியரானார். அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு ஆரதியின் பெயரை முன்மொழிந்தவர் பிரஜேன் தாஸ்தான். பயணச் செலவு பெரிது. முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் 11,000 ரூபாய் அளித்தார். பிரதமர் நேருவும் ஊக்கமளித்தார்.

பயிற்சி நடந்த இடம் எது என்று எண்ணுகிறீர்கள்? தேசபந்து பூங்காக் குளம்! 1959 ஏப்ரலில் அதில் எட்டு மணி நேரம் இடைவிடாது நீந்தினார். பின்னர் பதினாறு மணி நேரம். அலையற்ற, வெதுவெதுப்பான நீர் அது. கால்வாயோ வெடவெடக்கச் செய்யும் குளிர்க்கடல். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அதன் குறுகிய அகலம் ஏறத்தாழ 21 மைல்தான். ஆனால் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப ஆறு மணிக்கொருமுறை நீரோட்டம் திசை மாறுவதால், நீந்துபவர் நேர்கோட்டில் செல்ல இயலாது. ஒருபுறம் இழுக்கப்பட்டு, மறுபுறம் தள்ளப்பட்டு வளைந்து வளைந்தே கரை சேர வேண்டும். துணைப்படகிலிருந்து உணவு பெறலாம். படகைத் தொட்டால் முயற்சி முறிந்தது.

1959 ஆகஸ்டு 27-ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பிரெஞ்சுக் கரையிலுள்ள கிரி நே முனையில் பந்தயம் தொடங்கியது. மற்றவர்கள் நீரில் பாய்ந்தனர். ஆரதி கரையில் நின்றார். அவருக்குரிய வழிகாட்டும் படகு வரவில்லை. நாற்பது நிமிடம் கழித்தே அவர் இறங்கினார். நம் கணக்கில் நாற்பது நிமிடம் என்ன பெரிது? டிராம் வண்டிக்குக் காத்திருந்த நேரம் அது! அக்கடலிலோ, சாதகமான நீரோட்டம் அதற்குள் கைநழுவிவிடும். நெடுநேரம் நீந்தி, இங்கிலாந்துக் கரைக்குச் சில மைல் தொலைவு வரை வந்தார். எதிர்நீரோட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. மணிக்கணக்கில் போராடியும் சிறிதளவே முன்னேற முடிந்தது. இறுதியில் படகோட்டியின் வற்புறுத்தலால் கரையேற்றப்பட்டார்.

பிறர் பிழையால் இழந்த வெற்றி, பதினெட்டு வயது, அயல்நாடு. ஊர் திரும்பியிருந்தால் யாரும் பழித்திருக்க மாட்டார்கள். படகு வராத கதையைச் சொல்லியே வாழ்நாள் முழுதும் அனுதாபம் பெற்றிருக்கலாம். அவர் திரும்பவில்லை. மேலாளராக உடன் சென்றிருந்த டாக்டர் அருண் குப்தா ஊக்கமூட்ட, மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். ஒலிம்பிக்கைவிடவும், விருதுகளைவிடவும் அந்த முப்பத்து மூன்று நாட்களே ஆரதியின் வாழ்வில் பெரியவை என்பது என் கருத்து. கடல் எப்படி முதுகைக் காட்டும் என்று அறியாமல் இறங்குவது ஒன்று. அறிந்தபின் இறங்குவது வேறு.

செப்டம்பர் 29-ஆம் நாள், பத்தொன்பதாம் பிறந்த நாள் கழிந்து ஐந்தாம் நாள், அதே முனையிலிருந்து மீண்டும் இறங்கினார். நீரோட்டத்தின் வளைவுகளையும் சேர்த்து 42 மைல் என்று கணக்கிடப்பட்ட தொலைவை 16 மணி 20 நிமிடம் நீந்தி, இங்கிலாந்தின் சாண்ட்கேட்டில் கரையேறி, நம் மூவண்ணக் கொடியை உயர்த்தினார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. தேசபந்து குளத்தில் பழகிய அந்தப் பதினாறு மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் கூடுதலாகக் கேட்டது இருபது நிமிடமே!

1960-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்திய விளையாட்டு வீராங்கனைகளுள் அவ்விருதை முதலில் பெற்றவர் அவர். டாக்டர் அருண் குப்தாவையே மணந்தார், ரயில்வேயில் பணியாற்றினார், ஒரு மகளுக்குத் தாயானார். 1994 ஆகஸ்டு 23-ஆம் நாள், ஐம்பத்து மூன்று வயதில், மஞ்சள் காமாலையால் நலிவுற்று இவ்வுலகை நீத்தார். அதே 1994-ஆம் ஆண்டில்தான் நம் ஈரோட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் ஆறு கடற்கால்வாய்களை நீந்திக் கடந்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

வினா எழுப்பிய அன்பருக்கு வருகிறேன். அவர் இன்னும் முடிவு கூறவில்லை. இம்மன்றத்தில்தான் அமர்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லமாட்டேன். ஆனால் அருகில் அமர்ந்துள்ள அவருடைய மகள், நான் பேசத் தொடங்கியது முதல் தந்தையாரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்பதை மட்டும் மேடையிலிருந்து நன்றாகக் காண்கிறேன்.