கீறல் விழுந்த சிடிக்குக் கருவி வாங்கலாமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பல வீட்டு பீரோக்களில் கல்யாண சிடிகள் கிடக்கின்றன. அவற்றில் கீறல் விழுந்தால், தேய்த்துச் சரிசெய்யும் கருவியை வாங்கலாமா? வேண்டாம் என்பேன். சிடி என்பது 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் தகடு. லேசர் ஒளி அடிப்பக்கமாகப் புகுந்து, மேல்பக்கத்தை ஒட்டினாற்போல் இருக்கும் பதிவை வாசிக்கிறது. கருவி செய்வதெல்லாம் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்து மழமழப்பாக்குவதுதான். மேல்பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் பதிவே உரிந்துபோயிருக்கும். எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் மெல்லிய கீறலைப் பெரும்பாலும் பிளேயரே சமாளித்துவிடும். பதிவின் தடத்தோடு சேர்ந்து வளையும் கீறல்தான் ஆபத்து.

அந்தக் கீறலுக்காவது உதவுமே என்று கேட்கலாம். ஆழமில்லாவிட்டால் உதவும். ஆனால் முதலில் தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துப் பாருங்கள். பல நேரம் அழுக்குதான் காரணம். சினிமா வட்டுக்காகக் கருவி வாங்குவது வீண் செலவு; 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கே விற்றது. கல்யாண வட்டோ ஒன்றே ஒன்று, அதில் தேய்த்துப் பழகக் கூடாது. ஓடுகிறபோதே கணினியில் ஏற்றி, பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.