பகை அல்ல, பங்காளிச் சண்டை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் கலந்துரையாடல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம்தான் சார்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பாங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். நேரத்துக்குக் கவுண்டரை மூடத் தெரியும்.

கிரிக்கெட்டில் இரண்டு நாடுகள் மோதினால் பேப்பரில் 'பரம எதிரிகள்' என்று போடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பங்காளிச் சண்டை. எதிரியோடு சண்டை என்றால் ஒரு நாள் தீர்ந்துவிடும். பங்காளிச் சண்டை தலைமுறைக்கும் தீராது. ஆனால் பங்காளி வீட்டில் ஒரு துக்கம் என்றால் நமக்கும் தீட்டு உண்டு. அந்த உறவு விட்டுப்போகாது.

இந்தச் சண்டைகளில் மூத்தது ஆஷஸ். அது ஆரம்பித்ததே ஒரு சாவு அறிவிப்பில்தான். 1882ல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியா 7 ரன் வித்தியாசத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்தது. உடனே ஒரு லண்டன் பத்திரிகை, 'இங்கிலாந்து கிரிக்கெட் காலமாகிவிட்டது, உடல் தகனம் செய்யப்பட்டு அஸ்தி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும்' என்று கிண்டலாக எழுதியது. அந்த அஸ்திக் கலசம் ஒரு சாண் உயரம்கூட இல்லை. யார் ஜெயித்தாலும் அது லார்ட்ஸ் மைதானத்து மியூசியத்திலேயே இருக்கும். கணக்கு யார் பெயருக்கு மாறினாலும் லாக்கர் மட்டும் மாறாது!

1932-33ல் இதே ஆஷஸில் விஷயம் முற்றிவிட்டது. பிராட்மேனை அடக்குவதற்காக இங்கிலாந்து கேப்டன் ஜார்டின், தன் வேகப்பந்து வீச்சாளர் லார்வுட்டை பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்துப் போடச் சொன்னார். இரண்டு நாட்டு கிரிக்கெட் வாரியங்களும் தந்தியில் சண்டை போட்டுக்கொண்டன. ஆனால் அந்த லார்வுட் பிற்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? 1950ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கே குடியேறிவிட்டார். அதற்கு உதவியவர் ஃபிங்கிள்டன். அந்தத் தொடரில் லார்வுட்டின் பந்துகளை எதிர்கொண்ட அதே ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன்! லார்வுட் 1995ல் காலமாகும் வரை அங்கேதான் இருந்தார். இதைத்தான் நான் பங்காளி என்கிறேன்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பக்கத்துப் பக்கத்து வீடு. 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன். கடைசிப் பந்தில் நியூசிலாந்து 6 அடித்தால் டை. கேப்டன் கிரெக் சாப்பல், தம்பி ட்ரெவரைக் கூப்பிட்டு, பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். அண்ணன் பேச்சைத் தம்பி தட்டவில்லை. மேட்ச் ஜெயித்தது, மானம் போயிற்று. இரு நாட்டுப் பிரதமர்களுமே கண்டித்தார்கள். அன்றைய விதிப்படி அது தப்பில்லை. பிறகு விதியையே மாற்றினார்கள். சட்டப்படி சரியாக இருப்பதெல்லாம் முறைப்படி சரியாகிவிடாது. கார் பார்க்கிங் விஷயத்தில் நமக்கும் இது பொருந்தும். மேலே சொல்ல மாட்டேன்.

இப்போது நம் கணக்குக்கு வருகிறேன். பி.காம். படித்தவனுக்கு இந்தியா-பாகிஸ்தான் ஒரு பேரேடு மாதிரி. 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் 4 ரன் வேண்டும். மியான்தத் சிக்ஸர் அடித்தார். அது பெரிய பற்று. அந்தப் பந்தைப் போட்ட சேத்தன் சர்மா அடுத்த வருஷமே உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். ஆனாலும் ஊர் மறக்கவில்லை. 1992 முதல் 2023 வரை ஒருநாள் உலகக் கோப்பையில் 8 முறை மோதி, எட்டிலும் நாமே ஜெயித்தோம். அது வரவு. 2017 சாம்பியன்ஸ் டிராபி ஃபைனலில் 180 ரன்னில் தோற்றோம். மறுபடி பற்று.

ஆனால் நம் சேப்பாக்கத்தில் எழுதிய ஒரு பதிவு எந்தப் பத்தியிலும் அடங்காது. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாங்க் லீவு. நான் கேலரியில் இருந்தேன். அந்தத் தொடர் வேண்டாம் என்று டெல்லியில் பிட்ச்சையே தோண்டிப் போட்டிருந்த நேரம். நமக்கு இலக்கு 271. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்தார். இன்னும் 17 ரன்தான் இருக்கும்போது சக்லைன் பந்தில் அவுட். மீதி மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் போயின. 12 ரன்னில் தோற்றோம். மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ஒருவர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தார்கள், மொத்தக் கூட்டமும் எழுந்து கை தட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தை ஒரு சுற்று வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார். சரியாக ஒரு வாரத்தில், டெல்லியில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் 10 விக்கெட்டும் எடுத்து வரவு வைத்தார். அதே வருஷம் மே மாதம் கார்கில் போர் வந்தது. அதனால் சேப்பாக்கத்துக் கைதட்டல் பொய்யாகிவிடவில்லை. அன்று கை தட்டிய எங்களில் யாருக்கும் நாட்டுப்பற்று குறைச்சலும் இல்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? போன தடவை கிளப் ஹவுஸில் பெரிய திரை கட்டி மேட்ச் பார்த்தோம் அல்லவா? எதிரணி பேட்ஸ்மேன் அழகாக ஒரு கவர் டிரைவ் அடித்தார். ஒரு சின்னப் பையன் கை தட்டினான். "டேய், நீ எந்த நாட்டுக்காரன்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். பையன் கையை மடியில் வைத்துக்கொண்டான். கடைசியில் நாம் ஜெயித்தபோதும் அவன் கை தட்டவில்லை.

2007 டிசம்பருக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆடியதே இல்லை. ஐந்து நாள் பார்த்தால்தான் எதிரணிக்காரனின் திறமை, பொறுமை, சிரிப்பு எல்லாம் பழகும். அந்த வாய்ப்பு இந்தத் தலைமுறைக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. எப்போதோ ஒரு மேட்ச், அதற்கு முன்னால் டிவியில் ஒரு மாதம் கூச்சல். அவர்களுக்குப் பங்காளி யார் என்றே தெரியாது, எதிரியை மட்டும்தான் காட்டுகிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த மேட்சில் நம் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துங்கள், நானும் கத்துவேன். இரவு பத்து மணிக்கு மேல் வெடி மட்டும் வேண்டாம். எதிரணி நன்றாக ஆடினால், எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை கை தட்டுங்கள், அந்தப் பையனுக்குக் கேட்கிற மாதிரி. அதற்கு மெயின்டனன்ஸ் கட்டணம் ஏறாது என்று பொருளாளர் உறுதி கொடுத்திருக்கிறார்.